அண்டாவில் மிஞ்சிய பிரியாணி

போன வருஷம் கிறிஸ்துமஸ் விருந்தில் மிஞ்சிய பிரியாணியை அண்டாவோடு மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் திறந்தால் புளித்த வாடை. தொட்டால் நூல் நூலாக இழுத்தது. அத்தனையும் குப்பைக்கு. நெல்லித்தோப்பு அத்தை திட்டியதை எழுத முடியாது.

இந்த முறை விருந்து முடிந்த கையோடு, 2 மணி நேரத்துக்குள், பிரியாணியைத் தாம்பாளங்களில் பரப்பி, ஃபேன் போட்டு ஆறவைத்து, சின்ன டப்பாக்களில் ஃபிரிட்ஜுக்குள் தள்ளினேன். ஃபிரிட்ஜில் வைக்காமல் வெளியிலேயே நெடுநேரம் கிடக்கும் சோற்றில் ஒருவகை பாக்டீரியா விடும் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது.

குழம்பையும் அப்படியே எடுத்துவைத்து, மறுநாள் சுண்டக் காய்ச்சினேன். எண்ணெய் பிரிந்து, கறி கறுத்துச் சட்டியில் ஒட்டும் பதம். பாண்டிச்சேரி நீள ரொட்டியைப் பிய்த்து வழித்துச் சாப்பிட்டோம். விருந்தைவிட இதுதான் ருசி. காய்ந்த கேக்கை இட்லிப் பானையில் 3 நிமிஷம் ஆவி காட்டியதும் மெத்தென்று ஆனது. முறுக்கு மட்டும் மிஞ்சவே இல்லை.