டொயோட்டா 86 காருக்கு வெளிச்சந்தை இன்டேக்: தேர்ந்தெடுப்பதும் பொருத்துவதும்

2012இல் விற்பனைக்கு வந்த முதல் தலைமுறை டொயோட்டா 86, அதன் உடன்பிறப்பான சுபாரு பிஆர்இசட், அமெரிக்காவில் 2016 மாடல் வரை சயான் எஃப்ஆர்-எஸ் என்ற பெயரில் விற்கப்பட்ட அதே கார் ஆகிய மூன்றிலும் இருப்பது ஒரே எஞ்சின்: சிலிண்டர்கள் எதிரெதிரே படுத்திருக்கும், எஃப்ஏ20 என்ற 2 லிட்டர் பாக்சர். டர்போ இல்லாத இந்த எஞ்சின் 7000 ஆர்பிஎம்மில் ஏறத்தாழ 200 குதிரைத்திறன் தருகிறது. இந்தக் காரை வாங்குபவர்களில் பலர் முதலில் மாற்ற நினைப்பது, எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் ஃபில்டர், பெட்டி, குழாய் ஆகியவை அடங்கிய இன்டேக்கைத்தான். விலை அதிகமில்லை, வீட்டு வாசலிலேயே ஒரு மணி நேரத்தில் மாட்டிவிடலாம், ஒலியும் உடனே மாறுகிறது என்பவை அதற்குக் காரணங்கள்.

பணம் செலவழிக்கும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இந்தக் காரில் ஏறத்தாழ 3500 முதல் 4500 ஆர்பிஎம் வரை இழுவிசை தொய்ந்து போவதைப் பல உரிமையாளர்கள் உணர்கிறார்கள். இன்டேக் மட்டும் மாற்றினால் அந்தத் தொய்வு சரியாகாது. அதற்கு, எஞ்சினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் முதல் குழாய்த் தொகுதியான எக்ஸாஸ்ட் ஹெடரையும், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவின் அமைப்புகளையும் (டியூன்) சேர்த்து மாற்ற வேண்டும். தொழிற்சாலை தந்த ஏர் பாக்ஸ் பானட்டின் முன் விளிம்பிலிருந்து வெளிக்காற்றை எடுக்கும் மூடிய பெட்டி. அது மோசமான வடிவமைப்பு அன்று. கேட்பதற்கு இனிமையான ஒலியும், உயர் ஆர்பிஎம்மில் சிறிய முன்னேற்றமும், பின்னால் செய்யவிருக்கும் டியூனுக்கு ஓர் அடித்தளமும் போதும் என்பவர்களுக்கு இன்டேக் பொருத்தமான செலவு. அதைவிட அதிகம் எதிர்பார்ப்பவர்கள் அந்தப் பணத்தை ஹெடருக்காகச் சேர்த்து வைப்பது நல்லது.

தேர்வில் முதலில் பார்க்க வேண்டியது ஃபில்டரின் அளவையோ குழாயின் பளபளப்பையோ அல்ல; உள்ளே போகும் காற்றை அளக்கும் எம்ஏஎஃப் சென்சார் உட்காரும் பகுதியின் உள்விட்டத்தை. எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்பதை இந்தச் சென்சார் நேரடியாக எடைபோடுவதில்லை. அதனுள் சூடேற்றப்பட்ட நுண்ணிய கம்பி ஒன்று இருக்கிறது. கடந்து செல்லும் காற்று அதைக் குளிர்விக்க, வெப்பநிலையைத் தக்கவைக்க எவ்வளவு மின்னோட்டம் தேவைப்படுகிறது என்பதை வைத்து இசியு காற்றின் அளவைக் கணக்கிடுகிறது. அந்தக் கணக்கு, தொழிற்சாலைக் குழாயின் விட்டத்தை நம்பி எழுதப்பட்ட ஓர் அட்டவணையில் இருக்கிறது. உதாரணமாக, 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயை 75 ஆக்கினால் பரப்பு ஏறக்குறைய 15 சதவீதம் கூடுகிறது. அதே அளவு காற்று இப்போது மெதுவாக நகர்வதால் கம்பி குறைவாகவே குளிர்கிறது. காற்று குறைந்துவிட்டது என்று முடிவு செய்யும் இசியு எரிபொருளையும் குறைத்துவிடுகிறது. நிதானமாக ஓட்டும்போது ஆக்சிஜன் சென்சார் இந்தப் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்திவிடும். முழு ஆக்சிலரேட்டரில் அந்தத் திருத்தத்தை முழுமையாக நம்ப முடியாது. 12.5:1 என்ற உயர்ந்த அமுக்க விகிதம் கொண்ட எஞ்சினில், எரிபொருள் குறைந்த கலவை சிலிண்டருக்குள் தாறுமாறாக வெடித்து எஞ்சினைச் சேதப்படுத்தும் நாக்கிங்குக்கு வழிவகுக்கும். ஆகவே டியூன் செய்யும் எண்ணம் இல்லாதவர்கள், தொழிற்சாலை விட்டத்தையே வைத்திருப்பதாகவும் டியூன் தேவையில்லை என்றும் தயாரிப்பாளர் எழுத்தில் உறுதி தரும் இன்டேக் கிட்டை (பாகங்களின் தொகுப்பை) மட்டுமே வாங்க வேண்டும். சென்சார் இருக்கும் இடம் வளைவுக்கு மிக அருகில் இருக்கிறதா என்பதையும் படத்தில் கவனியுங்கள்; அங்கே காற்று சுழன்று வருவதால் அளவீடு தடுமாறும், நின்ற இடத்தில் எஞ்சின் ஓடும் ஐடிலிங் வேகமும் ஏறி இறங்கும்.

இரண்டாவது கேள்வி, ஃபில்டர் எந்தக் காற்றை உறிஞ்சுகிறது என்பது. 30 டிகிரி செல்சியஸில் இருக்கும் காற்று 60 டிகிரிக்குச் சூடானால் அதன் அடர்த்தி சுமார் 9 சதவீதம் குறைந்துவிடும். தடையற்ற குழாயால் கிடைக்கும் ஆதாயத்தை விழுங்கிவிட இதுவே போதும். எஞ்சின் அறைக்குள் திறந்தபடி நிற்கும் கூம்பு ஃபில்டர் காதுக்கு விருந்தளிக்கும். ஆனால் சிக்னலில் நிற்கும்போதும் நெரிசலில் ஊர்ந்து போகும்போதும் அது ரேடியேட்டரின் சூட்டைத்தான் குடிக்கிறது. ஃபில்டரை பம்பருக்குள் தாழ்வாக இறக்கும் நீண்ட குழாய்கள் குளிர்ந்த காற்றைத் தந்தாலும், தேங்கிய மழைநீரில் ஓட்டினால் தண்ணீரையும் உறிஞ்சிக்கொள்ளும் அபாயம் உண்டு. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடக்கூடும். மூடிய பெட்டியும், பானட்டை மூடும்போது அதோடு ஒட்டி அடைத்துக்கொள்ளும் ரப்பர் விளிம்பும் கொண்ட கிட்டே அன்றாடம் ஓட்டும் காருக்கு ஏற்றது என்பது என் உறுதியான கருத்து.

ஃபில்டரில் எண்ணெய் தடவும் வகையும் உலர் வகையும் உண்டு. எண்ணெய் வகையைக் கழுவியபின் அளவுக்கு மிஞ்சி எண்ணெய் விட்டால், அது காற்றோடு போய் எம்ஏஎஃப் கம்பியில் படிந்துவிடும். பராமரிப்பில் பொறுமை இல்லாதவர்களுக்கு உலர் வகையே நல்லது.

கலிஃபோர்னியாவில் பதிவான காருக்கு இன்னொரு நிபந்தனை உண்டு. அந்த மாநிலத்தின் காற்று வள வாரியம் அனுமதித்த கிட்டுகளுக்கு எக்ஸிக்யூட்டிவ் ஆர்டர் எண் தரப்படுகிறது. புகைப் பரிசோதனையில் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கும் கட்டத்தில் அந்த எண்ணைத் தேடுவார்கள். கிட்டோடு வரும் ஸ்டிக்கரைத் தூக்கிப் போடாமல் எஞ்சின் அறையில் பார்வைபடும் இடத்தில் ஒட்டுங்கள். அந்த எண் உங்கள் மாடலையும் ஆண்டையும் உள்ளடக்குகிறதா என்பதை வாங்குவதற்கு முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள். 2021 ஜூலை முதல் இசியு மென்பொருளையும் அங்கே சோதிக்கிறார்கள் என்பதால், டியூன் தேவைப்படும் கிட்டை வாங்க நினைப்பவர்கள் இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

பொருத்தத் தொடங்கும் முன் பழைய நிலையை அளந்து குறித்துவையுங்கள். காரின் கோளாறுகளைப் படிக்க உதவும் ஓபிடி2 போர்ட்டில் செருகும் சிறிய புளூடூத் கருவியும் கைப்பேசிச் செயலியும் இருந்தால் போதும். எஞ்சின் முழுதும் சூடானபின் ஐடிலிங்கிலும், ஒரே சாலையில் சீரான வேகத்திலும் இசியு எரிபொருளை எவ்வளவு கூட்டியோ குறைத்தோ சரிசெய்கிறது என்பதைக் காட்டும் நீண்டகால எரிபொருள் திருத்த சதவீதத்தையும், உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையையும் எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலானோர் தாண்டிச் செல்லும் படி இது; ஆனால் புதிய கிட் சரியாக வேலை செய்கிறதா என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

எஞ்சின் ஆறியதும் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். அதற்கு முன் இரு கதவுக் கண்ணாடிகளையும் சற்று இறக்கி வைப்பது அவசியம். இந்தக் காரில் சட்டமில்லாத கண்ணாடி கதவைத் திறக்கும்போது தானாகச் சிறிது இறங்கும், மின்சாரம் இல்லாதபோது இறங்காது. பிறகு எம்ஏஎஃப் இணைப்பானின் நாக்கை அழுத்தியபடி இழுங்கள். கம்பியைப் பிடித்து இழுக்க வேண்டாம். எஞ்சினின் உள் ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுவரும் பிரீதர் ஹோஸையும், எஞ்சின் ஒலியைக் கேபினுக்குள் கொண்டுசெல்லும் குழாயையும் கழற்றி, எஞ்சினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் திராட்டில் பாடியருகே உள்ள கிளாம்ப்பைத் தளர்த்தி, பெட்டியின் போல்ட்டுகளை எடுத்தால் பழைய இன்டேக் மேலே வந்துவிடும். திறந்து கிடக்கும் திராட்டில் வாயை உடனே சுத்தமான துணியால் மூடுங்கள். அங்கே விழும் ஒரு சிறு வாஷர் எஞ்சினையே கெடுத்துவிடும்.

எம்ஏஎஃப் சென்சாரை மாற்றும் வேலையில் அவசரம் கூடாது. இரண்டு சிறிய ஸ்க்ரூக்களை எடுத்து, சென்சாரை நேராக மேலே உருவுங்கள். அடியில் உள்ள ஓ-ரிங் பழைய பெட்டியிலேயே ஒட்டிக்கொண்டு தங்கிவிடவில்லையே என்று பாருங்கள். சென்சார் கம்பியை விரலாலோ துணியாலோ தொடாதீர்கள். அழுக்கு தெரிந்தால் அதற்கென்று விற்கும் கிளீனரை மட்டும் தெளித்துத் தானாக உலரவிடுங்கள். புதிய குழாயில் செருகும்போது காற்றோட்டத் திசை பழையபடியே இருக்க வேண்டும். பிளாஸ்டிக் மரையில் ஸ்க்ரூவை முதலில் விரலால் திருப்பி, பிடி கிடைத்தபின் மெதுவாக இறுக்குங்கள்.

புதிய குழாயைப் பொருத்தும்போது எல்லா கிளாம்ப்களையும் தளர்வாக மாட்டி, குழாய் எதிலும் உரசாமல் உட்காரும்வரை திருப்பிப் பார்த்து, கடைசியாக வரிசையாக இறுக்குங்கள். குழாயை இணைக்கும் சிலிக்கோன் கப்ளர் திராட்டில் பாடியின் விளிம்பைத் தாண்டி முழுதும் ஏறியிருக்கிறதா என்பதைக் கீழ்ப்பக்கத்திலும் விரலால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த அடிப்பகுதியில்தான் வழக்கமாக இடைவெளி விழுகிறது. சென்சாருக்குப் பின்னால் புகும் ஒவ்வொரு துளிக் காற்றும் இசியுவின் கணக்கில் சேராத காற்று. கேபின் ஒலிக்குழாய்க்குப் புதிய கிட்டில் வாய் இல்லையென்றால், கிட்டோடு வரும் மூடியால் அடைத்துவிடுங்கள். பானட்டை மெதுவாக இறக்கி, பெட்டி இடிக்கவில்லை என்பதை உறுதிசெய்யுங்கள்.

பேட்டரியை இணைத்ததும் காரின் கையேட்டில் உள்ளபடி ஜன்னல்களை மறுபடி அமைத்துவிட்டு, எஞ்சினை ஆக்சிலரேட்டர் தொடாமல் சில நிமிடங்கள் ஐடிலிங்கில் விடுங்கள். இசியு கற்றுவைத்திருந்த திருத்தங்கள் அழிந்திருக்கும் என்பதால் முதல் சில நாட்கள் நிதானமாக ஓட்டிவிட்டு, முன்பு அளந்த அதே சாலையில் மீண்டும் அளவெடுங்கள். எரிபொருள் திருத்தம் கூட்டலிலோ கழித்தலிலோ 5 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதியாக ஓட்டலாம். ஐடிலிங்கில் மட்டும் கூட்டல் பக்கம் உயர்ந்து, வேகத்தில் இயல்பாக இருந்தால் எங்கோ காற்று கசிகிறது. கப்ளரையும் பிரீதர் ஹோஸையும் ஓ-ரிங்கையும் மறுபடி பாருங்கள். எல்லா வேகத்திலும் ஒரேபோல் 10 சதவீதத்தைத் தாண்டினாலோ, செக் எஞ்சின் விளக்கு எரிந்து கலவையில் எரிபொருள் குறைவு என்று சொல்லும் பி0171 என்ற குறியீடு வந்தாலோ, கசிவு இல்லாதபட்சத்தில் சென்சார் பகுதியின் விட்டமே பொருந்தவில்லை என்று கொள்ளலாம். அந்த நிலையில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்து ஓட்ட வேண்டாம். டியூனரிடம் எம்ஏஎஃப் அட்டவணையைத் திருத்திக்கொள்ளுங்கள், அல்லது பத்திரமாக எடுத்துவைத்த பழைய பெட்டியை மறுபடி மாட்டிவிட்டுக் கிட்டைத் திருப்பிக் கொடுங்கள்.