நம்பகப் பயணித் திட்டங்கள்: திருகோணமலைக்கு வந்து போகும் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டல்

ஒரு நாட்டின் குடிவரவு, சுங்க அதிகாரிகள் எல்லையில் கேட்கும் கேள்விகளைப் பயணத்துக்கு முன்பே கேட்டு, பின்னணியை ஆராய்ந்து, ஐயத்துக்கு இடமில்லாதவர் என்று கண்டவரைத் தனி வரிசையால் விரைவாக அனுப்பும் ஏற்பாட்டையே நம்பகப் பயணித் திட்டம் என்கிறார்கள். விடுமுறைக்குத் திருகோணமலைக்கு வந்து திரும்பும் புலம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இது பெரிதும் உதவும்; ஆனால் அது விசா அன்று, இலங்கையின் கட்டுநாயக்க விமான நிலையத்தில் அதற்கு வேலையில்லை, ஒரு நாட்டின் அட்டையைக் காட்டி இன்னொரு நாட்டுக்குள் நுழையவும் முடியாது. ஆகவே கட்டணம் எவ்வளவு என்று தேடுவதற்கு முன் உங்கள் கடவுச்சீட்டையும் வதிவிட உரிமையையும் எடுத்துப் பாருங்கள். எந்தத் திட்டத்தில் சேரலாம் என்பது அவற்றைப் பொறுத்தே அமையும்.

அமெரிக்காவின் குளோபல் என்ட்ரி திட்டத்தில் அந்நாட்டுப் பிரசைகளும் நிரந்தர வதிவிடம் பெற்றவர்களும் சேரலாம். இந்தியா, பிரித்தானியா, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, சிங்கப்பூர் போன்ற சில நாடுகளின் பிரசைகளுக்கும் இடமுண்டு. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து நடத்தும் நெக்ஸஸ் திட்டம், அடிப்படையில் இவ்விரு நாடுகளின் பிரசைகளுக்கும் நிரந்தர வதிவிடம் பெற்றவர்களுக்கும் உரியது. கனடாவின் ஸ்காபரோவில் நிரந்தரமாக வசிக்கும் மகன் இதில் சேரலாம். திருகோணமலை உவர்மலையில் இருந்து அவரைப் பார்க்கப் போகும் தாய் சேர முடியாது. கனடாவில் வசிப்பவருக்கு என் தெரிவு நெக்ஸஸ்தான். இரண்டுக்கும் கட்டணம் 2024 ஒக்டோபர் முதல் 120 அமெரிக்க டொலர் என்று ஒன்றாகிவிட்டது. இரண்டும் ஐந்து ஆண்டுகள் செல்லும். ஆனால் நெக்ஸஸ் உறுப்பினருக்குக் குளோபல் என்ட்ரி வசதியும் சேர்ந்தே கிடைக்கிறது. டுபாய் வழியாகவோ டோஹா வழியாகவோ ரொறன்ரோவில் வந்து இறங்கும்போதும் நெக்ஸஸ் இயந்திரங்களைப் பயன்படுத்தலாம் என்பது பலருக்குத் தெரியாது. அது அமெரிக்க எல்லைக்கு மட்டும் உரியது என்றே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

விண்ணப்பம் முழுவதும் அமெரிக்க சுங்க, எல்லைப் பாதுகாப்பு நிறுவனத்தின் இணையத்தளத்திலேயே நடைபெறும். தேடுபொறியில் முதலில் தோன்றும் தனியார் தளங்கள் அரசுத் தளம் போன்ற தோற்றத்தில் மேலதிகக் கட்டணம் அறவிடக்கூடும் என்பதால், முகவரி ‘டொட் கவ்’ (.gov) என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டே விபரங்களை நிரப்ப வேண்டும். கடந்த ஐந்து ஆண்டுகளில் வசித்த முகவரிகள், செய்த தொழில்கள், சென்ற நாடுகள் ஆகியவற்றைக் கேட்பார்கள். இரட்டைப் பிரசாவுரிமை உள்ளவர் இரண்டையும் குறிப்பிட வேண்டும். கட்டணம் செலுத்திய பின் பின்னணி ஆய்வு நடக்கும். அதில் நிபந்தனையுடன் ஒப்புதல் கிடைத்தால் நேர்முகத்துக்கு நாள் தெரிவு செய்யலாம். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் கட்டணம் திரும்பக் கிடைக்காது. இவை முடிய மாதக்கணக்கில் ஆகக்கூடும் என்பதால், ஆடி மாதப் பயணத்துக்கு வைகாசியில் விண்ணப்பித்துவிட்டு அட்டையை எதிர்பார்த்திருப்பது வீண். குளோபல் என்ட்ரிக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு: நிபந்தனை ஒப்புதல் பெற்றவர் வெளிநாட்டிலிருந்து திரும்பி இறங்கும் அமெரிக்க விமான நிலையத்திலேயே நேர்முகத்தை முடித்துக்கொள்ளலாம்.

எம்மவர் அதிகம் இடறும் இடம் பெயர்தான். தகப்பன் பெயர் ஓர் ஆவணத்தில் முதலெழுத்தாகவும், இன்னொன்றில் குடும்பப் பெயராகவும், வேறொன்றில் முதற்பெயரோடு ஒட்டியும் இருக்கும். கோணேஸ்வரன் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள்: பிறப்புச் சான்றிதழில் ‘வ’ ஒலிக்கு ஆங்கில ‘டபிள்யூ’, கடவுச்சீட்டில் ‘வீ’, சாரதி அனுமதிப்பத்திரத்தில் நடுவே ஒரு ‘எச்’ கூடுதலாக. ஊரில் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. கணினிக்கோ இவர்கள் மூன்று பேர். விண்ணப்பத்தில் கடவுச்சீட்டில் உள்ள எழுத்துகளையே ஒன்று விடாமல் எழுதி, முன்பு வழங்கிய பிற வடிவங்களையும் வேறு பெயர்களுக்கான இடத்தில் சேர்க்க வேண்டும். விமானச் சீட்டிலும் அதே வரிசை இருக்க வேண்டும். உறுப்பினர் இலக்கத்தை முன்பதிவில் கொடுத்திருந்தும் பெயர் பொருந்தாவிட்டால் அமெரிக்க விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையின் விரைவு வரிசை கிடைக்காது. கடவுச்சீட்டைப் புதுப்பித்தால் புதிய இலக்கத்தை உடனே கணக்கில் பதிய வேண்டும்.

நேர்முகம் அஞ்ச வேண்டிய ஒன்றன்று. கடவுச்சீட்டு, நிரந்தர வதிவிட அட்டை, சாரதி அனுமதிப்பத்திரம், முகவரிக்கான சான்று ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். முன்பு ஏதேனும் வழக்கோ சுங்க மீறலோ இருந்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லிவிடுவதே நல்லது. தவறான அல்லது முழுமையற்ற தகவல் தருவதே விண்ணப்பத்தை நிராகரிக்கப் போதுமான காரணம்.

அட்டை கிடைத்த பின்னரும் விதிகள் உண்டு. தரைவழி எல்லையில், காரில் இருக்கும் ஒவ்வொருவரும், கைக்குழந்தை உட்பட, உறுப்பினராக இருந்தாலன்றி நெக்ஸஸ் பாதையில் நுழையக் கூடாது. நயாகராவில் உள்ள விர்ல்பூல் பாலம் நெக்ஸஸ் உறுப்பினருக்கு மட்டுமே உரியது. ஊரிலிருந்து வந்த அம்மம்மாவைப் பின் இருக்கையில் வைத்துக்கொண்டு அதில் ஏற முடியாது, அவரோடு போகும் நாளில் ரெயின்போ பாலத்தின் பொது வரிசைதான். கனடாவில் நிரந்தர வதிவிடம் பெற்று இலங்கைக் கடவுச்சீட்டையே வைத்திருப்பவருக்கு நெக்ஸஸ் அட்டை இருந்தாலும் அமெரிக்க விசா கட்டாயம்.

உறுப்புரிமையைப் பெறுவதைவிட இழப்பது எளிது. இழக்கச் செய்வது பெரும்பாலும் பெட்டிக்குள் இருக்கும் சாப்பாட்டுப் பொதி. கருவாடு, வடகம், ஊறுகாய், வறுத்து அரைத்த மிளகாய்த்தூள், ஈரத்துணியில் சுற்றிய கறிவேப்பிலை என்று வீட்டார் கட்டித் தருவதை மறுக்க எவருக்கும் மனம் வராது. எனினும் உணவுப் பொருள் எதுவானாலும் அதை அறிவித்தே ஆக வேண்டும். கறிவேப்பிலைச் செடி, எலுமிச்சை இனங்களைத் தாக்கும் நோயைப் பரப்பும் பூச்சிக்கு இடம் கொடுப்பதால், பச்சை இலையை அமெரிக்கா கடுமையாகத் தடுக்கிறது. அறிவித்த பொருள் அனுமதியில்லாதது என்றால் அதை எடுத்துக்கொண்டு உங்களை விட்டுவிடுவார்கள். அறிவிக்காமல் பிடிபட்டால் தண்டப்பணத்தோடு அட்டையும் போகும். நகைக்கும் இதே கவனம் வேண்டும். 48 மணி நேரத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்து கனடா திரும்புபவருக்கு வரிவிலக்கு 800 கனேடிய டொலர். இங்கே செய்வித்த ஒரு சோடி காப்பே அதைத் தாண்டிவிடும். புதிய நகைக்குப் பற்றுச்சீட்டை வைத்திருந்து அறிவியுங்கள். கனடாவிலிருந்து அணிந்து வந்த தாலிக்கொடிக்கு, புறப்படும் முன்பே புகைப்படமும் மதிப்பீட்டுச் சான்றும் எடுத்து வையுங்கள். காசு 10,000 கனேடிய டொலராகவோ அதற்கு மேலாகவோ இருந்தால் அதையும் அறிவிக்க வேண்டும்.

இந்தியாவும் 2024 ஜூனில் டில்லியில் இத்தகைய திட்டமொன்றைத் தொடங்கி, 2025 ஜனவரியில் சென்னைக்கும் அவ்வாண்டு செப்டெம்பரில் திருச்சிக்கும் விரிவாக்கியது. இந்தியப் பிரசைகளும், இந்திய வம்சாவளியினரான வெளிநாட்டவருக்கு வழங்கும் ஓ.சி.ஐ. அட்டை உடையோரும் மட்டுமே இதில் சேரலாம். கட்டணம் இல்லை, இணையத்தில் பதிந்து, கைரேகையும் முகப்படமும் கொடுத்த பின் தானியங்கி வாயிலால் செல்லலாம். சிதம்பரத்துக்கும் மதுரைக்கும் யாத்திரை போகும் இலங்கைக் கடவுச்சீட்டுக்காரருக்கு இது பொருந்தாது. எனினும் 2025 ஒக்டோபர் முதல் வெளிநாட்டவருக்கென வந்துள்ள மின்னணு வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் நிரப்பிவிட்டால், விமானத்தில் பேனா தேடும் வேலை மிச்சம்.

எந்தத் திட்டத்திலும் சேர முடியாத பெற்றோருக்கும் வேறு வழிகள் உண்டு. ரொறன்ரோவில் இறங்குபவர் கனடாவின் முன்கூட்டிய சுங்க அறிவிப்பை, இறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் சமர்ப்பிக்கலாம். மகனே இங்கிருந்தோ அங்கிருந்தோ நிரப்பிக் கொடுக்கலாம். சிங்கப்பூர் செல்வோர் வருகை அட்டையை, போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் கட்டணமின்றிச் சமர்ப்பிக்கலாம். தங்கும் வீட்டு முகவரி, தொலைபேசி இலக்கம், திரும்பும் சீட்டு, அழைப்புக் கடிதம், மருந்துச் சீட்டு ஆகியவற்றை அச்சிட்டுக் கைப்பையில் வையுங்கள். கட்டுநாயக்கவுக்குப் புறப்படும் இரவில் அவற்றைப் பெரிய பெட்டிக்குள் போட்டுவிட்டால் குடிவரவு மேசையில் பயன்படாது, ஏனெனில் பெட்டி கைக்கு வருவது அதற்குப் பிறகுதான். நடக்கச் சிரமப்படும் முதியவருக்குச் சக்கர நாற்காலி உதவியைச் சீட்டு எடுக்கும்போதே கேட்டுப் பதியுங்கள். உதவியாளர் வரிசையைக் காட்டி அழைத்துச் செல்வதால், மொழி தெரியாத அச்சமும் குறையும். அவரோடு சேர்ந்து வரும் மகனிடம் நெக்ஸஸ் அட்டை இருந்தாலும் அன்று அவர் பெற்றோரின் வரிசையிலேயே நிற்பது நல்லது, “எத்தனை நாள் நிற்பீர்கள்?” என்று அதிகாரி கேட்கும்போது மொழிபெயர்க்க ஆள் வேண்டும்.