ஐரோப்பாவுல ஜட்ஜுக்கு ஓவர்டைம் உண்டா? மூட் கோர்ட்டுக்கு ரெடி ஆகுறது எப்படி

தண்டையார்பேட்டை பசங்க ரெண்டு மூணு பேரு மூட் கோர்ட்டுல (மாணவங்க நிஜ கோர்ட்டு மாதிரி வாதாடுற போட்டி) இந்தத் தலைப்பு வந்திருக்கு அண்ணா, எங்கேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியலன்னு கேட்டாங்க, அவங்களுக்காகத் தான் இது.

ஓவர்டைம் கேக்கணும்னா ஜட்ஜு தொழிலாளியாங்கறது தான் மொதல் கேள்வி. "ஜட்ஜு சுதந்திரமானவரு, அவரு எப்படி தொழிலாளி ஆவாரு"ன்னு வாதத்த ஆரம்பிக்காதீங்க. 2012லயே ஓ'பிரையன் கேஸ்ல, இங்கிலாந்துல நாளுக்கு இவ்ளோன்னு பீஸ் வாங்குன பார்ட்டைம் ஜட்ஜு விஷயத்துல, தொழிலாளின்னு சொல்றதால சுதந்திரம் கெட்டுப்போகாதுன்னு லக்ஸம்பர்க்ல இருக்குற ஐரோப்பிய யூனியன் கோர்ட்டு சொல்லிடுச்சு. 2020ல இத்தாலி சமாதான நீதிபதி லீவு சம்பளம் கேட்ட கேஸும் இதே வழி தான், ரெண்டையும் முழுசா படிங்க.

அடுத்து நேரம். 2003/88 டைரக்டிவ்படி, அதாவது ஐரோப்பிய யூனியனோட வேலை நேரச் சட்டப்படி, ஓவர்டைமும் சேத்து வாரத்துக்கு சராசரி 48 மணி நேரம், தெனமும் தொடர்ந்து 11 மணி நேரம் ஓய்வு, வருஷத்துக்கு 4 வாரம் சம்பளத்தோட லீவு. ஆனா தன் நேரத்த தானே முடிவு பண்றவங்களுக்கு 17வது பிரிவுல 48 மணி வரம்புலேர்ந்து விலக்கு குடுக்கலாம், எதிர்த்தரப்பு இதத் தான் புடிச்சுக்கும். ஹியரிங் லிஸ்ட யாரு போடுறா, ராத்திரி வீட்ல உக்காந்து தீர்ப்பு எழுதுறது யாரு கணக்குல வருதுன்னு பிரிச்சுக் காட்டணும். எங்கப்பா ஹார்பர்ல லோடிங் வேலை பாத்தப்ப காலண்டர் தாள் பின்னாடி பென்சில்ல உள்ள போன நேரம், வெளிய வந்த நேரம் எழுதி ஆணியில குத்தி வெப்பாரு, தகராறு வந்தா அந்தத் தாள் கட்டு தான் பேசும். உங்க ஜட்ஜுக்கும் அதே மாதிரி ஒரு வாரத்த நாள்வாரியா எழுதுங்க. வேலை நேரத்த அளக்க முதலாளி ஏற்பாடு வெச்சே ஆகணும்னு 2019ல ஸ்பெயின் தொழிற்சங்கம் ஒண்ணு ஒரு பேங்க் மேல போட்ட கேஸ்ல தீர்ப்பு இருக்கு, அத இங்க சேருங்க.

காசு தனி. லீவு சம்பளத்தத் தவிர இந்த டைரக்டிவ் சம்பளத்தப் பத்திப் பேசாது, ஓவர்டைம் ரேட்டு அந்தந்த நாட்டுச் சட்டம். "48 தாண்டுச்சு, ரெட்டிப்பு குடு"ன்னு இத வெச்சு நேரா கேட்டா பெஞ்சு அங்கயே மடக்கிடும்.

சுதந்திரத்த கடைசியா எடுங்க. 2018 போர்ச்சுகல் கேஸ்ல, பொறுப்புக்கு ஏத்த சம்பளம் சுதந்திரத்துக்கு அவசியம்னு சொன்னாங்க, ஆனா எல்லா அரசு ஊழியர்களோட சேத்து தற்காலிகமா வெட்டுனத தப்புன்னு சொல்லல. 2025ல போலந்து, லித்துவேனியா கேஸும் வந்துச்சு: ஜட்ஜு சம்பள விதியிலேர்ந்து அரசு விலகணும்னா சட்டம் இருக்கணும், பொதுநலன் காரணம் இருக்கணும், அளவு மீறக்கூடாது, கோர்ட்டுல கேள்வி கேக்க முடியணும். ஓவர்டைம் தரலங்கறது மட்டும் பத்தாது, மொத்த சம்பளமும் வேலை பாரத்துக்கு ஒத்துவரலன்னு அந்த ஒரு வாரத் தாள வெச்சே காட்டுங்க.