அறிபுனைப் படங்களின் அரசியலை எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறிபுனை (அறிவியல் புனைவு) சாகசப் படங்களைப் பற்றிப் புதிதாக எழுத வருபவர்களின் கட்டுரைகளைச் சில ஆண்டுகளாகத் திருத்தித் தந்துவருகிறேன். தொடக்கத்தில் நான் செய்த பிழைகளே அவற்றில் திரும்பத் திரும்பத் தென்படுகின்றன. பாத்திரத்தின் பெயரையோ படம் வெளியான ஆண்டையோ மாற்றி எழுதுவதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. ஒருமுறை சரிபார்த்தால் அவை தீர்ந்துவிடும்.

உருவகத்தைக் கண்டதும் நின்றுவிடுதல்

2009இல் வெளியான 'டிஸ்ட்ரிக்ட் 9' படத்தில், ஜோகன்னஸ்பர்க் நகரின் மேல் வந்து நிற்கும் விண்கலத்திலிருந்து இறக்கப்பட்ட வேற்றுக்கிரகவாசிகள் ஒரு முகாமில் அடைக்கப்படுகிறார்கள். பின்னர் அங்கிருந்தும் அவர்களை அகற்றுவதற்காக ஒரு நிறுவனத்தின் ஆட்கள் வீடு வீடாகச் சென்று வெளியேற்ற அறிவிப்பில் ஒப்பம் வாங்குகிறார்கள். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரிலுள்ள 'டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்' பகுதி 1966இல் வெள்ளையருக்கு மட்டுமானது என அறிவிக்கப்பட்டு, 60,000க்கும் மேற்பட்டோர் அங்கிருந்து வெளியேற்றப்பட்ட வரலாற்றை அறிந்தவருக்குப் படத்தின் தலைப்பே போதும். இப்படத்தைப் பற்றி நான் எழுதிய முதல் கட்டுரை முழுவதும் இந்த ஒப்புமையிலேயே கழிந்தது. அது அச்சில் வந்தபின் நண்பர் ஒருவர், "நைஜீரியர்களைப் பற்றி ஏன் ஒரு வரிகூட இல்லை?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அப்படத்தில் நைஜீரியர்கள் ஆயுதம் வாங்கி விற்கும் கும்பலாக, வேற்றுக்கிரகவாசியின் சதையைத் தின்றால் அவர்களுடைய வலிமை தமக்கு வரும் என நம்புபவர்களாக வருகிறார்கள். கும்பல் தலைவனின் பெயரோ அந்நாட்டின் முன்னாள் அதிபர் ஒபசாஞ்சோவின் பெயரை ஒத்து ஒலிக்கிறது. அதே ஆண்டில் நைஜீரியாவின் தகவல் துறை அமைச்சர் படத்தைத் திரையிடுவதை நிறுத்துமாறு திரையரங்குகளிடம் கேட்டுக்கொண்டார். இவ்வளவும் கண்ணெதிரே இருக்க, உருவகத்தைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் நான் எதையும் பார்க்கவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது. அதே குருட்டுத்தன்மையை வேறொருவர் கட்டுரையில் காணும்போது எரிச்சல் வருவதையும் மறைக்க விரும்பவில்லை.

உருவகம் யாருக்காகப் பேசுகிறது என்பது ஒரு கேள்வி; சொந்த முகத்தோடு திரையில் வருபவர் எப்படிக் காட்டப்படுகிறார் என்பது வேறொரு கேள்வி. தென்னாப்பிரிக்க வெள்ளையர் ஆட்சியின் இனஒதுக்கலில் (அபார்தைட்) கறுப்பின மக்கள் பட்ட துயரத்தை இங்கே மனிதரல்லாத உடல் சுமக்கிறது; அந்தத் துயரத்தை நாம் உணர்வதோ, பெரும்பாலும், உருமாறத் தொடங்கும் ஒரு வெள்ளையின அலுவலரின் உடல் வழியாகத்தான். இதைச் சுட்டுவதால் வெளியேற்றத்தின் மீது படம் காட்டும் கோபம் பொய்யாகிவிடாது. நிறுவனத்தின் குற்றத்தை வெளிக்கொணரும் கறுப்பின உதவியாளரும் அதே படத்தில் இருக்கிறார். அவருக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். இரண்டாவது முறை பார்க்கும்போது, யார் முடிவெடுக்கிறார், யார் விளக்கம் மட்டும் சொல்கிறார், யாருடைய சாவுக்காகக் கதை சற்று நிற்கிறது என்று தனித்தாளில் குறித்துக்கொள்ளச் சொல்கிறேன்.

ஒரே சாவியால் திறக்க முயலுதல்

வேற்றுலகிலிருந்து வந்த உணர்ச்சியற்ற நகல்கள் மனிதரின் இடத்தைப் பிடிப்பதைச் சொல்லும், 1956இல் வந்த 'இன்வேஷன் ஆஃப் த பாடி ஸ்னாட்சர்ஸ்' படத்தைக் கம்யூனிச அச்சத்தின் வெளிப்பாடாகவும் வாசித்திருக்கிறார்கள், அமெரிக்க செனட்டர் மெக்கார்த்தி கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய காலத்து அடக்குமுறையின் மீதான கண்டனமாகவும் வாசித்திருக்கிறார்கள். இரண்டுக்கும் காட்சிகளில் இடமுண்டு. ஒன்றைத் தேர்ந்தால், மற்றொன்றுக்கு இடம்தரும் காட்சிகளை எப்படிப் புரிந்துகொள்கிறீர்கள் என்றும் எழுதுங்கள்.

தலைகளை எண்ணித் தீர்ப்பளித்தல்

இரு பெண்கள் ஓர் ஆணைப் பற்றியல்லாமல் வேறெதையாவது பேசிக்கொள்கிறார்களா என்று கேட்கும் பெக்டெல் சோதனை, 1985இல் ஒரு சித்திரக்கதையில் தோன்றியது. நூறு படங்களை ஒருசேர வைத்து அளந்தால் அது திரைத்துறையின் பழக்கத்தைக் காட்டும். தனியொரு படத்தின் பெண் பாத்திரம் எவ்வளவு ஆழமானவள் என்பதை அதனால் சொல்ல இயலாது.

இயக்குநரின் பேட்டி

சான்றாகக் கொள்ளலாம், தீர்ப்பாகக் கொள்ளக் கூடாது.

பார்த்த வடிவம் எது?

1954 மார்ச்சில் பிகினி தீவில் நடந்த அமெரிக்க அணுகுண்டுச் சோதனையின் கதிரியக்கச் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மீது விழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் வெளியான 'காட்ஸில்லா' அந்த அச்சத்தைச் சுமந்தே வந்தது. 1956இல் அமெரிக்காவில் வெளியான வடிவத்திலோ பல காட்சிகள் வெட்டப்பட்டு, ஓர் அமெரிக்கச் செய்தியாளர் கதைசொல்லியாகச் சேர்க்கப்பட்டார். பிந்தையதைப் பார்த்துவிட்டு ஜப்பானியப் படத்தின் அரசியல் மழுங்கியது என்று எழுதிய ஒரு கட்டுரையை முழுவதுமாகத் திரும்ப எழுதச் சொல்ல நேர்ந்தது.