முதல் மத்தியதரைக் கடல் குரூஸ்: "ரோம்" என்று போட்டிருக்கும், ரோம் அங்கே இருக்காது

குரூஸ் டிக்கெட் எடுப்பது எப்படி, எந்தக் கம்பெனி நல்லது, எந்தக் கப்பலில் நீச்சல்குளம் பெரிது என்பதற்கெல்லாம் இணையத்தில் ஆயிரம் பதிவுகள் கிடைக்கும். அதையெல்லாம் இங்கே தொடப்போவதில்லை. கப்பலுக்குள் ஏறிவிட்டால் சாப்பாடும் படுக்கையும் பாட்டும் தானாக நடக்கும். முதல் தடவை போகிறவர்கள் மாட்டிக்கொள்வது கரையில் இறங்கும் நாட்களில்தான். அதனால் இந்தப் பதிவின் பாதி 6-ஆம் படியிலேயே ஓடும்.

படி 1: வழித்தடத்தை வரைபடத்தோடு படியுங்கள்

மேற்குப் பக்கத்து வழி என்றால் பார்சிலோனா, மார்சேய், ஜெனோவா, சிவிடாவெக்கியா, நேப்பிள்ஸ், பால்மா. பெரும்பாலும் ஏழு இரவு, கிளம்பிய இடத்துக்கே திரும்பும். கிழக்கு என்றால் கிரீஸின் பிரேயஸ், சாண்டோரினி, மைக்கோனோஸ், துருக்கியின் குஷாதாசி. ஏட்ரியாட்டிக் என்றால் குரோஷியாவின் டுப்ரோவ்னிக், மாண்டெனெக்ரோவின் கோட்டோர் பக்கம்.

முதல் தடவைக்கு மேற்குதான் என் ஓட்டு. ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி மூன்றுக்கும் ஒரே கடிகாரம். பெரும்பாலான இடங்களில் கப்பல் நேராகக் கரையோடு கட்டும், ரயில் வசதியும் உண்டு. கிழக்கில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஈஜியன் கடலில் மெல்டெமி என்ற வடகாற்று வீசும். அது வலுத்தால் சிறு தீவுகளில் இறங்குவதே ரத்தாகும். மேற்கிலும் மார்சேய் அருகே லயன் வளைகுடாவில் மிஸ்ட்ரல் காற்று ஆட்டம் காட்டும், ஆனால் ஊர் தவறிப்போவது அபூர்வம்.

அட்டவணையில் உள்ள ஊர்ப் பெயரை அப்படியே நம்ப வேண்டாம். "ரோம்" என்றால் சிவிடாவெக்கியா, ரோமிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். "ஃபுளோரன்ஸ்" என்றால் லிவோர்னோ. "ஏதென்ஸ்" என்றால் பிரேயஸ், இது மட்டும் மெட்ரோ தூரம். வெனிஸ்தான் பெரிய ஏமாற்றம். 2021 ஆகஸ்ட் 1 முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் ஜூடெக்கா கால்வாய் வழியாகப் போகக் கூடாது. அதனால் "வெனிஸ்" என்று விற்கும் பயணங்கள் மார்கெராவிலோ ட்ரியெஸ்டேவிலோ ரவென்னாவிலோ தொடங்கும். ரவென்னாவிலிருந்து வெனிஸுக்குச் சாலை வழியே சுமார் 150 கிலோமீட்டர். விமானத்துக்குப் பணம் கட்டும் முன் துறைமுகத்தின் பெயரைப் பார்த்துவிடுங்கள்.

கிழமையையும் பாருங்கள். வாட்டிகன் மியூசியம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடல். ஃபுளோரன்ஸின் உஃபீட்சி கலைக்கூடம் திங்கட்கிழமை மூடல். கப்பல் வாராவாரம் அதே கிழமையில்தான் அதே ஊருக்கு வரும், எனவே பயணத் தேதியை ஒரு வாரம் தள்ளிப்போட்டாலும் தீராது.

படி 2: விசா

ஷெங்கன் விசா (ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஒரே விசா) தேவைப்படும் பாஸ்போர்ட் உங்களுடையது என்றால் இதை நிதானமாகப் படியுங்கள். கப்பல் துருக்கி, மாண்டெனெக்ரோ, துனிசியா, அல்பேனியா எதையாவது தொட்டால் நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியே போய்த் திரும்பி வருகிறீர்கள். ஒற்றை நுழைவு விசா அங்கே தீர்ந்துபோகும். விண்ணப்பத்திலேயே பலமுறை நுழைவு கேளுங்கள், வழித்தடத் தாளையும் இணையுங்கள். குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கனுக்குள் வந்துவிட்டது, அதற்குத் தனி விசா வேண்டும் என்று சொல்லும் பழைய பதிவுகளை ஒதுக்குங்கள்.

எந்த நாட்டுத் தூதரகம்? அதிக நாள் இருக்கும் நாடு. சமமாக வந்தால் முதலில் நுழையும் நாடு. எண்ணும்போது கப்பலுக்கு முன்னும் பின்னும் ஹோட்டலில் தங்கும் இரவுகளையும் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை 15 நாள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு.

"துருக்கியில் இறங்கவே மாட்டேன், விசா எதற்கு?" என்ற வாதம் ஏறும் இடத்தில் செல்லாது. வழியிலுள்ள எல்லா நாட்டுக்கும் ஆவணம் சரியாக இல்லையென்றால் முதல் நாளே திருப்பி அனுப்பும் கம்பெனிகள்தான் அதிகம்.

படி 3: கேபின்

கடல் ஒத்துக்காது என்ற பயம் இருந்தால் கீழ்த்தளம், கப்பலின் நடுப்பகுதி. ஊஞ்சல் பலகையின் நடுவே உட்கார்ந்தால் ஆட்டம் தெரியாது அல்லவா, அதே கணக்கு. முன்மூக்கில் கீழ்த்தளம் வேண்டாம், விடியற்காலையில் கரை சேரும்போது பக்கவாட்டு உந்திகள் உறுமும். நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழேயும் வேண்டாம், நாற்காலி இழுக்கும் சத்தம். மேலேயும் கீழேயும் வேறு கேபின்களே இருக்கும் தளம்தான் நிம்மதி. ஜன்னல் கேபின் மலிவாகக் கிடைத்தால் வெளியே உயிர்காப்புப் படகு மறைக்கிறதா என்று தள வரைபடத்தில் பாருங்கள்.

படி 4: பெட்டியும் ஏறும் நாளும்

விமானம் அதே நாளில் வேண்டாம், ஒரு நாள் முன்பே ஊர் போய்ச் சேருங்கள். ஆன்லைன் செக்-இன் முடித்து, பெட்டிச் சீட்டுகளை அச்சிட்டுக் கைப்பிடியில் ஸ்டேபிள் அடியுங்கள். செலோடேப் பிய்ந்துவிடும்.

பெட்டியைக் கரையிலேயே வாங்கிக்கொள்வார்கள், கேபின் வாசலுக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகலாம். எனவே பாஸ்போர்ட், மருந்து, சார்ஜர், கண்ணாடி, நீச்சல் உடை எல்லாம் தோள்பையில்.

இஸ்திரிப்பெட்டி, கெட்டில், மெழுகுவத்தி பிடுங்கி வைக்கப்படும். சர்ஜ் புரொடெக்டர் உள்ள எக்ஸ்டென்ஷன் பலகையும் அப்படித்தான். அதற்குக் காரணம் உண்டு. கப்பலின் மின்னமைப்பு வீட்டைப் போல நிலத்தோடு இணைந்ததல்ல, வீட்டுக்கென்று செய்த சர்ஜ் புரொடெக்டர் அங்கே சூடேறித் தீப்பிடிக்கலாம். பல முனை கொண்ட சாதாரண யூஎஸ்பி சார்ஜர் ஒன்று போதும். கேபின் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு, காந்தக் கொக்கி நான்கு எடுத்துப்போனால் ஈரத்துணி, தொப்பி, பை எல்லாம் தொங்கவிடலாம். இந்தப் பயணத்துக்கு இதைவிட உருப்படியான சாமான் எனக்குத் தெரியாது.

படி 5: ஏறியதும் முதல் ஒரு மணி நேரம்

முதலில் போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். கரை விலகியதும் கப்பலின் சொந்தக் கோபுரம் சிக்னல் கொடுக்கும். அது செயற்கைக்கோள் வழி, உங்கள் ஐரோப்பிய ரோமிங் திட்டத்தில் அடங்காது. ஒரு இரவு ஆப்கள் தானாக அப்டேட் ஆனாலே பில் பயமுறுத்தும்.

அடுத்தது பாதுகாப்புப் பயிற்சி. ஏழு குறுஞ்சங்கும் ஒரு நெடுஞ்சங்கும் ஒலித்தால் உங்கள் கூடுமிடத்துக்குப் போக வேண்டும், அந்த இடத்தின் எழுத்து, ஏறும்போது கொடுக்கும் உங்கள் கப்பல் அட்டையிலேயே இருக்கும். 2012 ஜனவரி 13 அன்று கோஸ்டா கான்கார்டியா என்ற குரூஸ் கப்பல் இத்தாலியின் ஜீலியோ தீவருகே பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது, அன்று மாலை சிவிடாவெக்கியாவில் ஏறியவர்களுக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று விதி மாறியது, 2015 ஜனவரி 1 முதல் அமல். மேற்கு வழித்தடத்தில் பல ஊர்களிலும் புது ஆட்கள் ஏறுவார்கள். மூன்றாம் நாள் மறுபடி சங்கு ஊதினால் பதற வேண்டாம், அது அவர்களுக்கு.

மூன்றாவது, பணம். கப்பலில் ரொக்கம் ஓடாது, கப்பல் அட்டையோடு கிரெடிட் கார்டை இணைக்க வேண்டும். டெபிட் கார்டைத் தவிருங்கள். செலவுக்கு முன்கூட்டியே ஒரு தொகையை வங்கியில் நிறுத்திவைப்பார்கள், பயணம் முடிந்தும் அது விடுபடச் சில நாள் ஆகும், அதுவரை உங்கள் பணம் உங்களுக்கு உதவாது. ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணமும் தானாக ஏறும், முன்பதிவிலேயே பார்த்து பட்ஜெட்டில் சேர்த்துவிடுங்கள்.

சைவம் என்றால் முதல் இரவே உணவக மேலாளரிடம் சொல்லிவிடுங்கள், மறுநாளிலிருந்து தனியாகக் கவனிப்பார்கள்.

படி 6: கரையில் இறங்கும் நாள் (பின்னாலிருந்து எண்ணுங்கள்)

எல்லோரும் காலையிலிருந்து முன்னோக்கித் திட்டம் போடுகிறார்கள். "எட்டு மணிக்கு இறங்கி, பத்துக்குக் கொலோசியம், ஒரு மணிக்கு வாட்டிகன்..." தப்பு அங்கேதான் தொடங்குகிறது. கப்பல் ஏறுவதற்கான கடைசி நேரத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள். அந்த நேரம் கப்பல் கிளம்பும் நேரமல்ல, அதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முந்தையது. கப்பலில் தினமும் கொடுக்கும் நிகழ்ச்சித் தாளில் (தினசரித் தாள்) அச்சிட்டிருக்கும்.

சிவிடாவெக்கியாவை எடுத்துக்கொள்வோம். கப்பல் 19:00-க்குக் கிளம்புகிறது, ஏறக் கடைசி நேரம் 18:00. துறைமுக வாசலான லார்கோ தெல்லா பாச்சேயிலிருந்து கப்பலுக்கு ஷட்டில் பஸ், காத்திருப்போடு 15 நிமிடம். ரயில் நிலையத்திலிருந்து அந்த வாசலுக்கு நடந்தால் 20 நிமிடம். ரோமின் மைய நிலையமான ரோமா டெர்மினியிலிருந்து ரீஜனல் ரயில் 60 முதல் 80 நிமிடம். கூட்டினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அதோடு முழுதாக ஒரு மணி நேரம் உபரி வையுங்கள், ஒரு ரயில் ரத்தானாலும் அடுத்தது காப்பாற்றும். ஆக 15:00 ரயிலில் நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

காலையில் கப்பல் 7:00-க்கு வந்தாலும் கதவு திறந்து, ஷட்டில் பிடித்து, ரோம் சேர 9:45 ஆகும். கையில் இருப்பது சுத்தமாக ஐந்து மணி நேரம். கொலோசியமும் ஃபோரமும் பார்க்கலாம், அல்லது வாட்டிகன் பார்க்கலாம். இரண்டும் முடியாது. வாட்டிகன்தான் என்றால் டெர்மினி வரை போகாமல் ரோமா சான் பியெத்ரோ நிலையத்திலேயே இறங்குங்கள், இரண்டு பக்கமும் சேர்த்து நிறைய நேரம் மிச்சம்.

ரீஜனல் ரயிலுக்குக் காகித டிக்கெட் எடுத்தால், ஏறும் முன் நடைமேடையில் உள்ள சிறு இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். டிக்கெட் கையில் இருந்தும் அபராதம் கட்டுகிறவர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள். திரும்பும் டிக்கெட்டையும் காலையிலேயே வாங்கிவிடுங்கள், அதை மட்டும் திரும்பும்போது முத்திரையிடுங்கள்.

முந்தைய இரவு "ஷோப்பெரோ" என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள், இத்தாலிய மொழியில் வேலைநிறுத்தம். முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். வேலை நாட்களில் வேலைநிறுத்தம் நடந்தாலும் காலை 6 முதல் 9 வரை, மாலை 18 முதல் 21 வரை ரீஜனல் ரயில்கள் சில ஓடியாக வேண்டும். கவனியுங்கள்: போவதற்கு ரயில் இருக்கும், உங்கள் கப்பலுக்குத் திரும்பும் நேரத்தில் இருக்காது. அப்படிப்பட்ட நாளில் கப்பல் டூரே எடுத்துவிடுங்கள்.

கப்பல் டூரா, சொந்தமாகவா என்ற கேள்விக்கு என் விதி எளிது. கப்பல் ஏற்பாடு செய்த பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், இல்லாவிட்டால் அவர்கள் செலவில் அடுத்த துறைமுகத்துக்குக் கொண்டுபோய் விடுவார்கள். நீங்களாகப் போனால் காத்திருக்காது. எனவே லிவோர்னோவிலிருந்து ஃபுளோரன்ஸ், ரவென்னாவிலிருந்து வெனிஸ் இரண்டுக்கும் கப்பல் டூர். ரோமுக்குத் தாராளமாக ரயில். நேப்பிள்ஸ், மால்டாவின் வல்லெட்டா, கோட்டோர் மூன்றிலும் டூர் வாங்குவது வீண், இறங்கினால் எதிரே ஊர். வல்லெட்டாவில் துறைமுகத்தருகே பராக்கா லிஃப்ட் ஏறினால் மேலே தோட்டம். கோட்டோருக்குக் கப்பல் வரும்போது படுத்திருக்காதீர்கள், வளைகுடாவுக்குள் நுழையும் காட்சிக்காகவே சீக்கிரம் எழலாம்.

நேப்பிள்ஸிலிருந்து எரிமலையில் புதைந்த பழைய நகரமான பாம்பெய் போக, கரிபால்டி நிலையத்தில் சொரெண்டோ செல்லும் சிர்கும்வெசுவியானா ரயில் ஏறி "பாம்பெய் ஸ்காவி – வில்லா தெய் மிஸ்தேரி" நிறுத்தத்தில் இறங்குங்கள். பாம்பெய் என்ற பெயரில் வேறு நிலையங்களும் உண்டு, அவை புது ஊருக்குள் கொண்டுபோய் விடும். 2024 நவம்பரிலிருந்து நாளொன்றுக்கு 20,000 பேருக்குத்தான் அனுமதி, டிக்கெட்டில் பெயரும் வேண்டும். ஆன்லைனில் எடுத்துவிட்டுப் போங்கள்.

சாண்டோரினியில் கப்பல் கட்ட இடமில்லை, கப்பலிலிருந்து கரைக்கு ஆளேற்றும் டெண்டர் படகில்தான் இறங்க வேண்டும். படகு விடும் பழைய துறைமுகம் மலையடியில், ஃபிரா ஊர் மலையுச்சியில். மேலே போக கேபிள் கார், கழுதை, அல்லது 588 படிகள். ஏறுவது பிரச்சினையில்லை. மாலையில் நாலைந்து கப்பல் கூட்டமும் ஒரே நேரத்தில் இறங்க நிற்கும், கேபிள் கார் வரிசை ஒரு மணி நேரத்தையும் தாண்டும். பின்னோக்கிய கணக்கில் அந்த வரிசையையும் எழுதுங்கள். படி வழியாக நடந்து இறங்கலாம், ஆனால் கழுதைச் சாணத்தில் வழுக்கும், செருப்பு உதவாது.

பாஸ்போர்ட்டை எடுத்துச் செல்லச் சொல்லித் தினசரித் தாள் கேட்டால் மட்டும் எடுங்கள். மற்ற நாட்களில் கேபின் பெட்டகத்தில் வைத்துவிட்டு நகலும் போனில் படமும் போதும். பார்சிலோனாவின் ராம்ப்லா தெருவிலும் ரோமின் 64-ஆம் எண் பஸ்ஸிலும் ஜேப்படிக்காரர்கள் மும்முரம். துறைமுக ஏஜென்ட்டின் எண் அதே தாளில் இருக்கும், இறங்கும் முன் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கப்பலைத் தவறவிட்டால் முதலில் அழைக்க வேண்டிய ஆள் அவர்.

படி 7: கடைசி இரவு

பெட்டியை நள்ளிரவுக்குள் வாசலில் வைக்கச் சொல்வார்கள். வைக்கும் முன், மறுநாள் காலை போட வேண்டிய உடை, செருப்பு, உள்ளாடை வெளியே இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும் அடைத்து அனுப்பிவிட்டு இரவு உடையில் கரை இறங்குகிறவர்கள் ஒவ்வொரு பயணத்திலும் உண்டு. பெட்டி சிறிதென்றால் நீங்களே இழுத்துக்கொண்டு இறங்கலாம், அதுதான் வேகம்.

பின்சேர்க்கை 1, நேரக் குழப்பம்: கப்பல் நேரமும் போன் நேரமும் ஒன்றாகவே இருக்கும் என்று எண்ண வேண்டாம். கிரீஸ் இத்தாலியைவிட ஒரு மணி நேரம் முன்னால். துனிசியா கடிகாரத்தை மாற்றுவதில்லை, எனவே கோடையில் இத்தாலியைவிட ஒரு மணி நேரம் பின்னால். கரை இறங்கியதும் போன் உள்ளூர் நேரத்துக்குத் தாவும், கப்பல் தன் நேரத்திலேயே இருக்கலாம். தானியங்கி நேரத்தை அணைத்துவிட்டு, சாதாரண கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்தில் வையுங்கள்.

பின்சேர்க்கை 2, கிரேக்கத் தீவு வரி: 2025 ஜூலையிலிருந்து கப்பலில் வந்து இறங்குவோருக்குக் கட்டணம் உண்டு. சாண்டோரினி, மைக்கோனோஸ் இரண்டிலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை தலைக்கு 20 யூரோ. கப்பல் கம்பெனி வழியாக வசூலாகும், கரையில் யாராவது கேட்டால் கொடுக்க வேண்டாம்.