‘(தனி)’ என்ற சொல்லில் தொடங்கும் குழப்பம்: பிரதிநிதித்துவம் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேர்தல் சமயத்தில் ‘சிதம்பரம் (தனி)’ என்று படித்துப் பழகியவர்கள், பாடத்தில் ‘தனி வாக்காளர் தொகுதி’ என்று வந்ததும் இரண்டும் ஒன்றே என்று எழுதிவிடுகிறார்கள். விடைத்தாள்களில் மட்டுமல்ல, மேடைப் பேச்சிலும் இந்தத் தவறு வருகிறது. ‘தனி’ என்பது ஓரிடத்தில் வேட்பாளரைக் குறிக்கிறது, இன்னோரிடத்தில் வாக்காளரைக் குறிக்கிறது.

ஒரு தொகுதியில் 100 வாக்காளர்கள், அவர்களில் 20 பேர் பட்டியல் சாதியினர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய தனித்தொகுதியில் போட்டியிடுபவர் எல்லாரும் பட்டியல் சாதியினர். ஆனால் வாக்களிப்பது 100 பேரும். அந்த 20 பேரில் ஒருவரின் வாக்குகூடக் கிடைக்காத வேட்பாளரும் வென்றுவிட முடியும். தனி வாக்காளர் தொகுதியில் அந்த 20 பேர் மட்டுமே தேர்ந்தெடுப்பார்கள். மற்ற 80 பேருக்கு அதில் வாக்கில்லை. 1932 ஆகஸ்ட்டில் பிரிட்டிஷ் அரசு அறிவித்த வகுப்புவாரித் தீர்ப்பு மாகாண சட்டசபைகளில் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு 71 இடங்களை இப்படித் தந்தது. பொதுத் தொகுதியில் இரண்டாவது வாக்கும் அவர்களுக்கு உண்டு. காந்தியின் உண்ணாவிரதத்தை அடுத்து செப்டம்பர் 24-ல் கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தில் இடங்கள் 148 ஆயின (சென்னை மாகாணத்துக்கு 30), தனி வாக்காளர் முறை போயிற்று.

பலர் இத்துடன் நிறுத்திவிடுவது அடுத்த தவறு. ஒப்பந்தத்தில் ஒரு நடுவழி இருந்தது: முதலில் அந்த 20 பேர் மட்டும் நால்வர் பட்டியலைத் தேர்ந்தெடுப்பார்கள், பிறகு அந்த நால்வரில் ஒருவரை 100 பேரும் தேர்ந்தெடுப்பார்கள். அந்த முதல் சுற்றுக்குக் கெடு பத்து ஆண்டுகள். இன்றைய அரசியலமைப்பில் அது கிடையாது. ‘பூனா ஒப்பந்த முறையே இன்றும் தொடர்கிறது’ என்று எழுதாதீர்கள். தமிழகத்து ஒடுக்கப்பட்ட வகுப்புத் தலைவர்கள் எல்லாரும் ஒரே நிலையில் இருந்தார்கள் என்றும் எழுதாதீர்கள். இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் அமர்ந்து தனி வாக்காளர் தொகுதி கேட்டவர் இரட்டைமலை சீனிவாசன். எல்லாரும் சேர்ந்து வாக்களிக்கும் கூட்டுத் தொகுதியை ஏற்று, இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சேயுடன் உடன்பாடு கண்டவர் எம்.சி. ராஜா. பூனாவில் இருவரும் கையெழுத்திட்டார்கள்.

அடுத்த தவறு, அவையில் எந்தப் பிரிவினர் எத்தனை பேர் என்று தலை எண்ணி முடித்துவிடுவது. பிரதிநிதித்துவத்தின் பொருள்களாக அரசியல் சிந்தனையாளர் ஹன்னா பிட்கின் 1967-ல் பிரித்துக் காட்டியவற்றில் இரண்டை இங்கே குழப்பிக்கொள்கிறோம்: மக்களைப் போன்றவராக இருப்பது, மக்களுக்காகச் செயல்படுவது. முதலாவது இருந்தாலே இரண்டாவது தானாக வராது. ‘பெயருக்குத்தான் பெண் தலைவர்’ என்று ஒதுக்குவதும் அதே அளவு தவறு. மேற்கு வங்கத்தின் பீர்பூமிலும் ராஜஸ்தானின் உதய்ப்பூரிலும் நடந்து 2004-ல் வெளியான ஆய்வில், பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகள் குடிநீருக்குக் கூடுதலாகச் செலவிட்டது தெரிந்தது. சாலையில் இரு இடங்களும் வேறுபட்டன: வங்கத்தில் கூடியது, ராஜஸ்தானில் குறைந்தது. அந்தந்த ஊர்ப் பெண்கள் முன்வைத்த குறைகளை ஒட்டியே அது அமைந்தது. ஒதுக்கீடு கிட்டத்தட்ட குலுக்கல் போல நடந்ததால்தான் இந்த ஒப்பீட்டை நம்பலாம். காரணத்தைச் சொல்லாமல் முடிவை மட்டும் எழுதினால் பாதி மதிப்புகூட இல்லை.

கடைசியாக, பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க். 1774 நவம்பர் 3 அன்று பிரிஸ்டலில், உறுப்பினர் தன் அறிவின்படி முடிவெடுக்க வேண்டும், தொகுதியின் கட்டளைப்படி அல்ல என்றார். அதை அப்படியே நம் எம்.பி.க்கள்மேல் பொருத்தினால் கட்சி விடுபட்டுப்போகும். 1985-ல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணைப்படி (கட்சித் தாவல் தடைச் சட்டம்), கொறடா உத்தரவை மீறி வாக்களித்தாலோ வாக்களிக்காமல் இருந்தாலோ, கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால் பதவி பறிபோகலாம். ஆக, ‘அறிவா, தொகுதியா’ என்ற கேள்விக்கு முன்பே கட்சி வந்து நிற்கிறது. ஆனால் ‘எல்லா வாக்கும் கொறடாவுக்குக் கட்டுப்பட்டது’ என்று அடுத்த கோடிக்குப் போய்விடாதீர்கள்: அந்த விதி அவைக்குள் நடக்கும் வாக்கெடுப்புக்குத்தான்; குடியரசுத் தலைவர் தேர்தலில் அது செல்லாது.