குடும்ப ரகசியத்தை வைத்து இளையோர் மர்ம நாவல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இளையோர் மர்ம நாவல்களின் முதல் வரைவுகளைப் படிக்க உட்கார்ந்தால், மூன்றாவது அத்தியாயத்துக்குள் பரண் வந்துவிடுகிறது. பரணில் பெட்டி, பெட்டிக்குள் கடிதம், கடிதத்தில் "நீ என் வயிற்றில் பிறந்தவள் இல்லை". எழுத்துப்பிழை, நீண்ட வர்ணனை எல்லாம் திருத்தத்தில் சரியாகிவிடும், விடுங்கள். திருத்தத்திலும் சரியாகாதவை கீழே.

முழுக் கதையையும் ஒப்பிக்கும் கடிதம்

இறந்துபோன பாட்டியின் கடிதம், பூட்டிய டைரி, சாகக் கிடப்பவரின் வாக்குமூலம்: மூன்றும் ஒன்றுதான். யார் பெற்றது, யார் வளர்த்தது, ஏன் மறைத்தார்கள் என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டிவிடும். இருநூறு பக்கம் அலைந்த நாயகி கடைசியில் எதைக் கண்டுபிடித்தாள்? ஒரு காகிதத்தை. அந்தக் கடிதம் முதல் பக்கத்திலேயே கிடைத்திருந்தாலும் கதை இதேதான் என்பதுதான் எரிச்சல். நடுவில் நடந்த எதற்கும் வேலையில்லை.

கடிதத்தை முழுசாக ஒருமுறை எழுதுங்கள். பிறகு கிழித்துவிட்டு, அதிலிருந்த தகவல்களை ஐந்தாறு துண்டாக்கி வெவ்வேறு ஆட்களிடமும் பொருட்களிலும் ஒளித்து வையுங்கள். துண்டுக்கு ஒரு தகவல்தான். குறைந்தது இரண்டு துண்டுகள் தவறான முடிவுக்கு இழுக்க வேண்டும்.

உதாரணத்துக்கு, நாயகி 2008 ஆகஸ்டில் பிறந்தவள். ஆல்பத்தில் அதே வருட ஜூலைத் தேதியோடு அம்மாவின் படம், வயிறு ஒட்டியிருக்கிறது. தத்துப்பிள்ளை என்று முடிவு கட்டுகிறாள். பிறப்புப் பதிவும் ஒரு வருடம் தாமதம், சந்தேகம் உறுதியாகிறது. மூன்றாவது துண்டு இதைக் கலைக்க வேண்டும்: டிஎன்ஏ சோதனையில் அம்மாவுடன் சுமார் 25 சதவீதப் பொருத்தம். ரத்த உறவில்லாத தத்து என்றால் பொருத்தமே இருக்காது. பெற்ற தாய் என்றால் 50. 25 என்றால் பாட்டியாகவோ, பெரியம்மாவாகவோ, தாயோ தந்தையோ மட்டும் பொதுவான அக்காவாகவோ இருக்கலாம். வயது வித்தியாசம் 24, எனவே பாட்டி கழிந்தார். மிச்சம் இரண்டு. வருடத்துக்கு ஒருமுறை வந்து, இவள் முகத்தைப் பார்க்காமலே கிளம்பும் சித்தியைப் பற்றி அப்போதுதான் யோசிக்கிறாள். (அம்மாவையும் சித்தியையும் ஒரே மாதிரி இரட்டையர் ஆக்கிவிடாதீர்கள். அப்போது 50 வரும், எல்லாம் போயிற்று.)

விடையை வாசகர் நாயகியைவிட ஒரு வரி முந்திச் சொன்னால் தடயங்கள் சரியாக விழுந்திருக்கின்றன. ஐம்பது பக்கம் முந்தினால் மூன்றாவது துண்டைத் தள்ளிப்போடுங்கள். கடிதம் இல்லாமல் முடியவே முடியாது என்றால், எழுதியவரே ஒரு பொய்யை நம்பி எழுதியதாக வையுங்கள்.

விஞ்ஞானத்தைக் குத்துமதிப்பாக எழுதுவது

"அப்பா ரத்த வகை ஏ, அம்மா பி, எனக்கு ஓ. அப்போ நான் யார்?" யாரும் இல்லை, அவர்கள் மகள்தான். இருவரும் ஓ மரபணுவை மறைவாக வைத்திருந்தால் ஓ பிள்ளை தாராளமாகப் பிறக்கும். இருவருமே ஓ, பிள்ளை ஏ என்றால்தான் கேள்வி எழும். அதற்கும் பாம்பே வகை என்ற அபூர்வ விலக்கு உண்டு: ஏ மரபணு இருந்தும் வழக்கமான சோதனையில் ஓ என்று காட்டும். பொய்த் தடயத்துக்கு இதைவிட நல்ல சரக்கு கிடையாது.

டிஎன்ஏ சோதனையிலும் நடைமுறை உண்டு. பெரும்பாலான நிறுவனங்கள் 18 வயது நிரம்பாதவரிடம் நேரடியாக மாதிரி வாங்குவதில்லை. எச்சில் வாங்கும் சோதனைகளில் குழாயில் சுமார் 2 மில்லி துப்ப வேண்டும்; தூங்குகிறவரிடம் திருட முடியாது. முடிவு வர வாரக்கணக்காகும். பதினாறு வயது நாயகி யார் பெயரில் அனுப்பினாள்? அம்மாவின் மாதிரி எப்படிக் கிடைத்தது? வம்சாவளி பார்க்கும் ஆசையில் அம்மா எப்போதோ சோதித்துவிட்டு மறந்துபோனதாக வைத்தால் இரண்டாவது கேள்வி தீரும். முதலாவதுக்கு உதவிய பெரியவர், ஒரு பாத்திரமாகவே வளர வேண்டும்.

"உன் நல்லதுக்குத்தான் மறைத்தோம்"

இது காரணமே இல்லை. ரகசியம் தெரிந்த ஒவ்வொருவருக்கும் நேராக ஒரு வரி எழுதுங்கள்: இன்றைக்கு இது வெளிவந்தால் இவர் எதை இழப்பார்? சித்தியின் கணவருக்கு விஷயமே தெரியாது. அப்பா பதிவு அலுவலகத்தில் பொய்யான உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டவர். அம்மாவுக்குப் பெண் கைவிட்டுப் போய்விடுவாளோ என்ற பயம். இழப்பு வேறு வேறு என்றால் பொய்யும் வேறு வேறாக வரும். சித்தி "வேலைக்காக வெளியூரில் இருந்தேன்" என்கிறாள், அப்பா "அவள் அப்போது படித்துக்கொண்டிருந்தாள்" என்கிறார். நாயகி நுழைய வேண்டிய இடுக்கு அதுதான்.

வயதுக் கணக்கு

எல்லோருடைய பிறந்த வருடத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். இப்போதே.

எல்லாம் தெரிந்த போலீஸ் மாமா

வெட்டுங்கள்.

உண்மை தெரிந்ததும் கடையை மூடுவது

60,000 சொல் நாவலில் 58,000-வது சொல்லில் உண்மை வந்தால், மிச்சத்தில் கட்டிப்பிடித்து அழத்தான் இடமிருக்கும். 45,000 அளவில் உடைத்துவிடுங்கள். 'நான் யார்' என்ற கேள்விக்கான கதை அதற்குப் பிறகுதான். சித்தியின் எண்ணை ஃபோனில் என்ன பெயரில் வைத்துக்கொள்வாள்? பள்ளிப் படிவத்தில் தாய் பெயர் என்ற கட்டத்தில் என்ன எழுதுவாள்? அடுத்த சண்டையில் "நீ என்னைப் பெற்றவளா?" என்று கேட்டுவிடுவாளா? கேட்கட்டும். பிறகு, இருவரும் ஒரே அறையில் இருக்கும்போது அவள் "அம்மா" என்று கூப்பிட்டு, இருவரும் திரும்பும் காட்சி ஒன்றை எழுதுங்கள்.